பாடகர் இல்லாத கச்சேரி

காலடிப்பேட்டையில் ஒரு மீனவர் வீட்டுக் கல்யாணம். எங்கள் கச்சேரிக் குழுவின் பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மணப்பெண்ணின் அம்மா பதறிப்போய், பேஸ் கிட்டார் வாசிக்கும் என்னிடம், "இன்னாமா, பாட்டே கெடியாதா?" என்றார்.

பேஸ் கிட்டாரின் துள்ளலே முன்னால் நிற்கும் ஃபங்க் இசை வாசிக்கும் லண்டன் குழு ஒன்றின் ஹிட் பாடல் தொகுப்பை வீட்டில் ஓடவிட்டு, கூடவே வாசித்துப் பழகியவள் நான். அவற்றை மேடையில் வாசிக்கத் துணிந்ததில்லை. அன்று துணிந்தேன். முதலில் கூட்டம் முழித்தது. டிரம்ஸ்காரர் தாளத்தைப் பிடித்தார். மணப்பெண்ணின் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஆட இறங்கினார். அவர் பின்னால் பந்தலே இறங்கியது.

"நிறுத்தாத கண்ணு, வாசிச்சிகினே இரு!" என்று கத்தினார்.

எங்கள் சனத்துக்கு இதெல்லாம் பிடிக்காது என்று நானாகவே நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் அப்படி நினைப்பதில்லை. வாசித்துவிடுகிறேன்.