கிளட்ச்சை இலகுவாக்கப் போய்

எங்கள் பிக்கப் வண்டியின் கிளட்ச்சைக் கடைசிவரை மிதித்தால்தான் கியர் விழும். என் முழங்கால் வலிக்கு அது தொல்லையாக இருந்தது. மகன் வீட்டில் இல்லாத ஒரு மதியம், பெடலில் இருந்த தளர்ச்சி முழுவதும் போகும்வரை கேபிள் நட்டை நானே முறுக்கினேன். லேசாக மிதித்தாலே கியர் விழுந்தது. மகனிடம் சொல்லவில்லை.

மறுநாள் அரிசி மூட்டைகளுடன் வெள்ளிமலைக்குப் புறப்பட்டோம். மகன் ஓட்டினான். நடுவில் மனைவி, ஜன்னலோரம் நான். ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் அலறியதே தவிர வண்டி ஏறவில்லை. கருகிய நாற்றம் வந்தது. எடுத்தால் வண்டி பின்னால் உருளும் என்பதால் மகனால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. என் கதவுக்கு வெளியே பள்ளம்.

பின்னால் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். "இன்னா பெருசு, இங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

"மெக்கானிக் இன்னா பண்ணி வெச்சானோ. இன்னொரு தபா ஏத்திப் பாக்கறேன்" என்றான் மகன்.

மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். அவன் கியரைப் போட்ட பிறகே நான் வாய் திறந்தேன். "வேணாம்டா. நான்தான் நட்ட முறுக்கினேன்."

"இத்தினி நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

கேட்டுக்கொண்டே மகன் இறங்கி, வழுக்கிய கிளட்ச் மறுபடி முழுதாகப் பிடிக்கும்படி நட்டைத் தளர்த்தினான். பாதி மூட்டைகளைப் பஸ்ஸில் ஏற்றி, சூடு தணிந்தபின் மெல்ல மேலேறினோம்.

இப்போது பெடலில் இரண்டு விரல் தளர்ச்சி இருக்கிறது. முழங்கால் வலித்தால் நான் ஓட்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏறுமுன் மனைவி கேட்கிறாள்: "எதனா தொட்டீங்களா?" தொட்டிருந்தால் சொல்லிவிடுகிறேன்.