கிளிப் தடம், நான்கு மில்லிமீட்டர்

மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றி வந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு, எங்கே கீறல் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பல வருடப் பழக்கம், வீட்டிலும் கை சும்மா இருப்பதில்லை. நான் வாங்கிச் சேர்த்த அச்சுப் படங்கள் பதினொன்றுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். படத்துக்கு ஒரு பக்கம்: தாளின் அளவு, ஓரம், மடிப்பு, ஈரத்தில் வரும் பழுப்புப் புள்ளி. திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள் தாளைச் சேர்க்கக் கூடாதுதான். சேர்த்துவிட்டேன்.

"என் மூஞ்சிக்கும் ஒரு பக்கம் எய்திகீறியா?" என்பார் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

"உனக்கு ஒரு பக்கம் பத்தாதுய்யா."

மூன்றாவதாக வாங்கிய படம்தான் எனக்கு உயிர். எண்ணூர் முகத்துவாரத்தில் கழுத்தளவு நீரில் ஒரு பெண். மீன் போடும் கூடையைப் பல்லால் கவ்வியபடி, இரண்டு கையாலும் சேற்றில் இறால் தேடுகிறாள். மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டது. செய்த பெண் ராயபுரத்துக்காரி. பன்னிரண்டு பிரதிதான் எடுத்தாள். போன மழையில் அவள் அறைக்குள் தண்ணீர் புகுந்து, மிச்சமிருந்த பிரதிகள் போயின, பலகையும் வெடித்துவிட்டது. மற்றவை வெளியூர்களுக்கு விற்றுப்போயிருந்தன.

தை மாதம் ஒரு நாள் மாலை போன் செய்தாள். அவளுடைய முதல் தனிக் கண்காட்சி.

"அக்கா, அந்த எறா பொம்பளை இல்லாம ஷோவே இல்லக்கா. உங்க வூட்ல கீறது நல்லா கீதா? கறை கிறை இருந்தா கேலரில மாட்ட மாட்டாங்க."

"சுத்தமா இருக்கும்மா. சனிக்கிழமை கொண்டு வரேன்."

மறுநாள் வேலை முடிந்து வந்தால், மொட்டை மாடித் துணிக்கொடியில் பதினொரு படங்களும் ஆடிக்கொண்டிருந்தன. மழை ஓய்ந்ததும் மெத்தை, தலையணை, பட்டுப்புடவை எல்லாவற்றுக்கும் வெயில் காட்டுவது எங்கள் தெரு வழக்கம். கணவருக்கு அன்று விடுமுறை.

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்க?"

"நமுத்துப் போயிருந்துச்சும்மே. அந்தப் பொண்ணுக்குக் குடுக்கற சாமான் மொறமொறன்னு இருக்க வாணாமா?"

"இது அப்பளமாய்யா?"

நல்ல வெளிச்சத்துக்காகக் காலை வரை காத்திருந்து, ஜன்னலோரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மற்றப் பத்தும் லேசாக வளைந்ததோடு தப்பின. மூன்றாவதில் மேல் மூலைகள் இரண்டிலும் கிளிப் கடித்த தடம், நான்கு மில்லிமீட்டர். இடது மூலையில் கிளிப் கம்பியின் துரு, கடுகளவு. கீழ் ஓரத்தில் எண்ணூர்க் காற்று கொண்டுவரும் கரித்தூள், ஐந்து புள்ளி. மெல்லிய பிரஷ்ஷுக்கு மூன்று போயின, இரண்டு நின்றன. அச்சு விழுந்த பகுதியில் ஒன்றும் இல்லை.

கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். டீ ஆறிவிட்டது.

"ஃப்ரேமுக்குள்ள மறைச்சிட்டா?"

"நசுங்கின எடத்துல பெயின்ட் அடிச்சிட்டு வர்றவனைத்தான் நான் மொதல்ல புடிப்பேன்."

சனிக்கிழமை ரயிலில் அவர் படத்தை மடியில் படுக்கவைத்து, ராயபுரம் வரை அசையாமல் வந்தார்.

பழுதையெல்லாம் நோட்டில் நான் எழுதியிருந்ததை அந்தப் பெண் படித்தாள். தாளைச் சாய்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"நான்தாம்மா கொடில மாட்டினேன்," என்றார் கணவர். "இவளுக்குத் தெரியாது."

அவள் நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து கேலரிக்கு அனுப்பினாள். பதில் வருவதற்குள் மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். பழுது ஓரத்தில் மட்டும்தான், விவரமும் தெளிவாக இருக்கிறது, மாட்டலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"மூலையை மறைச்சு மாட்டச் சொல்லேம்மா," என்றார் கணவர்.

"வாணாம் அங்கிள். அவளே சேத்துல நின்னுகினு கீறா. ரெண்டு கிளிப் தடம் அவளை இன்னா பண்ணும்?"

யார்டு ரிப்போர்ட்டில் பழுதை எழுதக் கட்டம் உண்டு, செய்தவரை எழுதக் கட்டம் கிடையாது. அதே வழக்கத்தில் என் நோட்டிலும் கணவரைப் பற்றி ஒரு வரி இல்லை. கண்காட்சித் திறப்பு நாளன்று அந்தக் குறையை அவரே நிரப்பினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அந்தப் படத்தைவிட்டு நகராமல் நின்று, யார் உற்றுப் பார்த்தாலும் மேல் மூலையைக் காட்டி, "அது நான் போட்டதுங்க," என்றார்.