சுண்ணாம்பு படிந்த கேத்தில்

ஞானாம்பிகைக்குக் கணவர் சோமசேகரத்திடம் இருந்த பயம் அயலுக்கெல்லாம் தெரியும். அவர் அடிக்கிற ஆளில்லை. குரலை உயர்த்தினாரென்றால் அவளுக்குக் கைகால் ஓடாது, அவ்வளவுதான். கோப்பாய்க்கு வாழ வந்த நாள் முதல் அந்தப் பயத்தோடுதான் சமைத்தாள், பிள்ளை பெற்றாள், கோயிலுக்கும் போய்வந்தாள்.

அவரது செல்லப்பொருள், தண்ணீர் கொதிக்கவைக்கும் ஒரு கறன்ட் கேத்தில். லண்டனிலிருந்து அவர் தம்பி கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சாமான் வராத எழுபத்துமூன்றாம் ஆண்டில் இன்னொன்றுக்கு எங்கே போவது? கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்து அதன் உள்ளே சுண்ணாம்பு தடித்துப்போயிருந்தது. தேத்தண்ணீரில் வெள்ளைத் தூள் மிதக்கிறதென்று அவர் முகம் சுளித்தார்.

அவர் கந்தோருக்கு வேலைக்குப் போனதும் அவள் அதற்குள் தண்ணீரோடு தேசிக்காய்ப் புளியைப் பிழிந்துவிட்டுக் கொதிக்கவைத்து, ஊறவும் விட்டாள். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகக் கழன்றது. அதோடு விட்டிருக்கலாம். விட்டாளா? அடியில் ஒட்டியிருந்த மிச்சத்தையும் தேங்காய்த் தும்பால் உரஞ்சி எடுத்தாள். கேத்தில் பளபளத்தது. அடியால் தண்ணீர் ஒழுகவும் தொடங்கியது. இத்தனை காலமும் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தச் சுண்ணாம்புதான்.

தண்ணீரும் கறன்டும் சேர்ந்தால் ஆளைக் கொல்லுமென்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. கேத்திலைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, அன்று பின்னேரம் அடுப்பிலேயே தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். விடிந்ததும் சொல்லுவோம் என்று நெஞ்சைத் தேற்றினாள்.

விடிய அவள் கிணற்றடியிலிருந்து வரும்போது, அவரே கேத்திலை நிரப்பி வைத்திருந்தார். ஒரு கை பிடியில், மற்றக் கை சுவிச்சை நோக்கிப் போகிறது. மேசையில் தண்ணீர் பரவுவதை அவர் கவனிக்கவில்லை.

"இஞ்சருங்கோ" என்றாள். அவர் திரும்பவில்லை. அந்த அழைப்புக்கு அவர் என்றைக்குத்தான் திரும்பினார்? புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்லாத காலம் அது. அருச்சனைக்குக்கூட அவள் மகளைக் கொண்டுதான் ஐயரிடம் அந்தப் பெயரைச் சொல்லுவிப்பாள்.

"சோமசேகரம்!"

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் திகைத்துத் திரும்பினார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் பிளக்கைக் கழற்றிவிட்டு, கேத்திலைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"நான் செத்திருப்பனே. கறன்டுக்குப் பயப்பிடாமல் எனக்கோ பயந்தனீர்?"

"ஓம்" என்றாள் அவள்.

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். சத்தம் போடத்தான் வாயைத் திறந்தார், ஆனால் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அடுப்பிலேயே தேத்தண்ணீர் வையும்" என்றார்.