ஆர்ஜியா போட்ட கையெழுத்து

மோந்தெரியோ ஊர் அருங்காட்சியகத்தில் ஆர்ஜியாவுக்குத் தூசி துடைக்கிற வேலை. பதினெட்டு வருஷம் அந்தப் படங்களோடுதான் பிழைப்பு. மாதாவும் புனிதர்களும் நிறைந்த சுவர்களில், அவளுக்குப் பிடித்தது ஓரத்தில் தொங்கிய ஒரு சின்னப் படம்தான். வெள்ளித் தட்டில் பிளந்த மாதுளை, பக்கத்தில் இரண்டு எலுமிச்சை.

"மத்ததெல்லாம் என்னையே முறைக்குதுடி. இது ஒண்ணுதான் தன் பாட்டுக்கு இருக்கு" என்பாள் தங்கை இயோலெயிடம்.

போர் வந்து ஊரில் குண்டு விழத் தொடங்கியதும் படங்களைப் பெட்டிகளில் அடைத்து, மலைமேலிருந்த ஒரு மாளிகையில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆர்ஜியாவைக் காவலுக்கு விட்டுவிட்டு அருங்காட்சியக அதிகாரிகள் வடக்கே போய்விட்டார்கள். 1944 ஜூலையில், பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் சிப்பாய்கள் அங்கே வந்து தங்கினார்கள். அடுப்பெரிக்கப் பெட்டிகளை உடைத்தார்கள். கிளம்புகிற காலையில் ஒரு சார்ஜென்ட் மாதுளைப் படத்தைக் கம்பளியில் சுற்றினான். ஆர்ஜியா ஓடிப்போய்ப் படத்தின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கய்யா! இது உங்களுது இல்ல. என்னுதும் இல்ல."

அவனுக்கு அவள் பேச்சு புரியவில்லை. புரிந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டான். துப்பாக்கிக் கட்டையால் அவள் வலது கையில் இரண்டு முறை அடித்தான். மூன்று விரல்கள் நொறுங்கின. லாரி போய்விட்டது.

சண்டை ஓய்ந்ததும் விசாரணை வந்தது. திரும்பி வந்த அதிகாரிகளுக்குப் பழிபோட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ரொட்டிக்காகக் காவல்காரியே படத்தைக் கொடுத்துவிட்டாள் என்று எழுதி முடித்தார்கள். வேலை போயிற்று.

"என்ன ஆர்ஜியா, மாதுளை நல்ல விலைக்குப் போச்சா?" என்று சந்தையில் மீன்காரி கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு சந்தைக்கு இயோலெதான் போனாள். மடங்காத விரல்களோடு ஆர்ஜியா ஆஸ்பத்திரித் துணி வெளுத்தாள்.

1962இல் அருங்காட்சியகத்திலிருந்து வலேரி என்ற இளம் அதிகாரி ஒரு புகைப்படத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"ஜெர்மனியில ஒரு வீட்டுக் கூடத்துல தொங்குதும்மா. அந்த சார்ஜென்ட் செத்துட்டான். நீங்களே ரொட்டிக்குக் குடுத்தீங்கன்னு அவன் சம்சாரம் சொல்லுது. நம்ம விசாரணைத் தாளையே அவங்க வக்கீல் காட்டுறாரு. அடிச்சுப் பறிச்சான்னு நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் கேஸ் நிக்கும்."

"அப்பவே கத்திச் சொன்னேனே, யார் கேட்டீங்க? முதல்ல அந்தத் தாளைத் திருத்துங்க தம்பி."

"அது ரோம்ல முடிவாகணும். வருஷக்கணக்காகும்."

"போடாதக்கா!" இயோலெ சீறினாள். "உன்னைத் திருடின்னு எழுதினவங்களுக்கு நீ எதுக்குச் சாட்சி சொல்லணும்?"

ஆர்ஜியா புகைப்படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். புதுச் சட்டத்துக்கு அடக்க ஓரத்தை வெட்டியிருந்தார்கள். ஒரு எலுமிச்சை பாதிதான் இருந்தது.

"பாவிங்க, வெட்டிட்டாங்களே. இன்னும் அங்க இருந்தா மிச்சமும் போயிடும்."

இடது கையால், கோணலாக, கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வருஷத்தில் படம் திரும்பி வந்தது. அதை மறுபடி மாட்டிய விழாவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அவளாகவே போய்ப் பார்த்தாள். வலேரி கண்டுகொண்டு நாற்காலி கொண்டுவந்தான். அவள் உட்காரவில்லை.

"சட்டத்து மேல தூசி நிக்குது. துடைக்கச் சொல்லுங்க" என்றுவிட்டு இறங்கிப் போனாள்.

1971 குளிர்காலத்தில் நிமோனியா வந்து செத்துப்போனாள். அந்தத் தாளை இனியாவது திருத்துங்கள் என்று இயோலெ கடிதம் எழுதினாள். கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாக ஒரு வரிப் பதில் வந்தது, ஆர்ஜியாவின் பெயருக்கு.