தலை மட்டும் வெளியே

கோவளத்தில் கடல்காற்று சாலையில் கொண்டுவந்து கொட்டும் மணலை டிராக்டரால் தள்ளுகிறவர் அவர். மணலும் மழையும் மேலே படாமலிருக்க, பழைய தகரத்தையும் பிளாஸ்டிக் ஷீட்டையும் வைத்து டிராக்டருக்குத் தானே ஒரு கேபின் கட்டியிருந்தார். அபாரமான கேபின். ஒரே குறை, மணல் அடித்து அடித்து ஷீட் மங்கி, முன்னால் ஒன்றும் தெரியாது. அதனால் தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்டுவார். மீசையெல்லாம் மணல்.

“அப்ப இந்த கேபின் எதுக்குங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

வாயிலிருந்த மணலைத் துப்பினார். “ஒடம்பு உள்ளதான சார் கீது? ரோட்டுல ஆளு நின்னா பாக்க வாணாமா?”

சிரித்துக்கொண்டே ஆபீஸ் போனேன். அங்கேயும் கேபின்கள் உண்டு. வெளியே எத்தனை பேர் நின்றாலும், இதுவரை ஒரு தலைகூட எட்டிப் பார்த்ததில்லை.