மூக்கன் கட்டிய தண்ணீர்த் திரிகை

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மெசினில் வேலை பார்த்தவன் மூக்கன். 1956இல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் ஒரு சக்கரம் கட்டினான். சவுக்கு மரத்தில் அச்சு, உடைந்த தேயிலைப் பெட்டிகளில் இறக்கை, அச்சின் உச்சியில் திரிகைக்கல். நேர்த்தியான வேலை என்று சொல்ல முடியாது. கல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. ஆனாலும் குரக்கன், அதாவது கேழ்வரகு, அரைபட்டது. லயத்துப் பெண்கள் டவுன் மில்லுக்கு நடப்பதை நிறுத்தினார்கள். அரைத்ததில் ஒரு பிடி மாவை அவனுக்கு வைத்துவிட்டுப் போனார்கள்.

தோட்டத்தில் எதற்கும் நிர்வாகியான துரையின் அனுமதித் துண்டுச்சீட்டு வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக, வெளியூர் உறவைத் தங்கவைக்க, எல்லாவற்றுக்கும். மூக்கன் சக்கரத்துக்கும் ஒரு துண்டு வாங்கி வைத்திருந்தான். துரைக்கு மேல் ஓர் அரசாங்கம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் மில் முதலாளி அழகுமுத்து வந்தார். கூடவே ஓர் இன்ஸ்பெக்டர், கோடாலியோடு இரண்டு ஆட்கள்.

"லைசென்ஸ் எங்கடா?" என்றார் முதலாளி.

மூக்கன் மடியிலிருந்த துண்டுச்சீட்டை நீட்டினான். "தொரையே குடுத்திருக்காருங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அழகுமுத்து தமிழாக்கினார். "தொரை தோட்டத்துக்குத்தான் தொரை. மில்லு நடத்த கவுர்மெண்டு லைசென்ஸ் வேணும்."

"காசு கட்டி வாங்கிக்கிறேனுங்க."

"பிரஜாவுரிமை இருக்கா ஒனக்கு? இல்லாதவனுக்குக் குடுக்க மாட்டாங்க. நான் வருசா வருசம் வரி கட்டுறேன். நீ பிடி மாவுக்கு அரச்சா நான் மில்லுல ஈ ஓட்டவா?"

"வரி கட்டியே எளச்சுப் போயிட்டாரு, தொந்தியப் பாருங்க" என்றாள் மூக்கனின் மனைவி காளியாயி.

அழகுமுத்து பொய் சொல்லவில்லை. அவர் வரி கட்டினார். தோட்டத் தமிழரில் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்திருந்தது. வரி கட்டவும் அனுமதி இல்லாதவன் வரி ஏய்த்தவன் ஆனான்.

கோடாலி ஆட்களில் ஒருவன் காளியாயியைப் பிடித்துத் தள்ளினான். பாறையில் மோதி அவள் நெற்றி பிளந்தது. மூக்கன் அவன்மேல் பாய்ந்து காதைக் கடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் தண்ணீரில் அமுக்கி, மூச்சுத் திணறியபின் இழுத்துப் போட்டார்கள்.

அழகுமுத்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். குரலைத் தணித்தார். "இத ஒடைக்க வேணாம். பிரிச்சுக் கொண்டாந்து எம் மில்லுக்கிட்ட கட்டிக்குடு. லைசென்ஸ் எம்பேர்ல இருக்கு. ஒனக்குக் கூலி தாரேன்."

"இந்தப் பொம்பளைங்ககிட்ட அரைக்கிற காசு வாங்குவீங்களா?"

"பின்ன? வரிய யாரு கட்டுறது?"

மூக்கன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான். "சரிங்க. கோடாலியக் குடுங்க, ஆப்புக் கழட்டணும்."

கொடுத்தார்கள். அவன் ஆப்பைத் தொடவில்லை, அச்சை வெட்டினான். தடுக்கக் கை நீட்டியவனின் விரல் ஒன்றும் அதோடு போனது. அச்சு முறிந்து, இறக்கைகளை ஆறு அடித்துக்கொண்டு போனது. பிறகு மூக்கனைக் குப்புறப் போட்டு, வலது கைமேல் அவனுடைய திரிகைக்கல்லையே தூக்கிப் போட்டார்கள். எலும்பு நொறுங்கியது எல்லோருக்கும் கேட்டது. இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் திரும்பிச் சுருட்டுப் பற்றவைத்தார்.

விரலை வெட்டிய குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போய் வந்தவனை மெசினில் சேர்க்கவில்லை. இடது கையால் புல் வெட்டினான். காளியாயி குரக்கனைச் சுமந்துகொண்டு டவுனுக்கு நடந்தாள். அழகுமுத்து மில்லில் அரைக்கும் கூலி ஏறியிருந்தது.