சுண்டுவிரல் கேட்ட கார்டு

என் அக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரம் அவள் பொறுப்பு. போன வருடம் அந்த இயந்திரம் அவளுடைய இடது கைச் சுண்டுவிரலைப் பதம் பார்த்துவிட்டது. விரல் பிழைத்தது, மடங்கத்தான் மாட்டேன் என்கிறது. மூன்றே வாரத்தில் வேலைக்குத் திரும்பியவள், கிட்டாரைத் தொட எட்டு மாதம் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு மாலைகளில் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர் வாசிப்போம். அக்கா கிட்டார், நான் அடிச்சுரம் கொடுக்கும் பேஸ் கிட்டார், கீபோர்டுக்கு ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் எழுதிய புதுப் பாட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தது ஒரு கார்டு, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து: D7♭9/F♯. மொத்தம் ஐந்து சுரங்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் F♯ எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்க வேண்டும். தாளில் இருப்பது அத்தனையும் தன் கையில் வர வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். சுண்டுவிரல் ஒத்துழைக்கவில்லை. ஒரு தந்தி உறுமியது, இன்னொன்று ஊமையானது.

ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு ஒத்திகையில் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க. நான் ஒதுங்கிக்கிறேன்."

சொன்னால் செய்துவிடுவாள்.

மறுபடி வாசித்தோம். மறுபடி உறுமல். அக்காவின் கோபம் என் பக்கம் திரும்பியது.

"அந்த எடத்துல நீ என்னடா வாசிக்கிற?"

"F♯தான்க்கா."

"அப்ப நான் எதுக்குடா அதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்? முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"நீ எங்க கேட்ட?"

மருந்துக்கடைக்காரர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். அக்கா F♯ஐ விட்டாள். பிறகு சந்தேகத்தோடு D யையும் விட்டுப் பார்த்தாள். காது அதைத் தேடவே இல்லை. பாட்டு போகும் போக்கிலேயே அது புரிந்துவிட்டது. மிஞ்சியவை E♭, A, C. மூன்று தந்தி, மூன்று விரல். பேஸோடு சேர்ந்தபோது கார்டு முழுசாக, கொஞ்சம் ஏக்கத்தோடு எழுந்து, அடுத்த கார்டான G மைனரில் போய் இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறன்று அந்த இடம் நெருங்கியதும் அக்கா தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வீட்டில் ஒரு பல்பு மாற்றக்கூட என்னை நம்பாதவள். என் F♯ சரியாக விழுந்தது.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் அக்கா மருந்துக்கடைக்காரரிடம் கேட்டாள்: "அடுத்த வாரம் என்ன பாட்டுங்க?"